செவலையின் காது

செவலையை நான் காட்டிக்கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு. வேறு யார் கூப்பிட்டாலும் பத்தடி தள்ளி நின்று மோப்பம் பிடிப்பவள், நான் நாக்கைச் சொடுக்கியதும் வாலை ஆட்டிக்கொண்டு நேராக வந்தாள். வண்டி மறைவில் வலையோடு நின்றவர் இரண்டு எட்டு வைத்தார், அவ்வளவுதான். வலைக்குள் சுருண்டு விழுந்தவள் வலை வீசியவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"விடுங்க, நாலு நாள்ல மறந்துடும்" என்றார் அவர், கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டே. பதினொரு நாள் ஆனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவளுக்கு நான் மூன்று வருடமாகத் தீனி வைத்து வந்தேன். தெருவில் நாலு பேர் பார்க்க ஒரு ஜீவனுக்குச் சாப்பாடு வைக்கும்போது மனசுக்குள் ஒரு சின்னக் கிரீடம் ஏறும். ஏறவில்லை என்று சொன்னால் பொய். அந்த மூன்று வருடத்தில் செவலை ஐந்து முறை குட்டி போட்டாள். மொத்தம் 24 குட்டிகள். இன்று உயிரோடு இருப்பவை 4.

மற்ற இருபதும் எங்கே போயின? நாலைந்து வண்டிச் சக்கரத்தில். ஒரு ஈற்று முழுவதும் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து, ரத்தமாகக் கழிந்து, மூன்றே நாளில். மழை பெய்த ஒரு ராத்திரி இரண்டு சாக்கடையில். கண்கூடத் திறக்காத ஒரு கூட்டத்தை யாரோ சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். நாய்க்குட்டி கண் திறக்கப் பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும், அதற்கு முன்பே எடுத்துவிட்டால் பாவம் இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ. செவலை இரண்டு நாள் அந்தக் குட்டிகள் கிடந்த படிக்கட்டின் அடியிலேயே மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். மடியில் பால் கட்டிக் கல்லாக இருந்தது. நான் வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகத் தீனி வைத்தேன். எனக்கு அப்போது தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

என் தெருவுக்கு மட்டும் சாபம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் ஓர் ஆய்வைப் படித்தேன். கொல்கத்தாவில் ஐஐஎஸ்இஆர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறது. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து பார்த்து 2016ல் எழுதினார்கள். ஏழாம் மாதத்தைத் தொட்டவை 19 சதவீதம். சாவுகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மனிதரால் நேர்ந்தவை. என் கணக்கில் 24க்கு 4 என்பதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண் நாயும் அதன் வாரிசுகளும் ஆறு வருடத்தில் 67,000 நாய்களாகிவிடும் என்று ஒரு படம் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். நாய்களை வெறுப்பவர்களும் அனுப்புவார்கள், கருத்தடைக்கு ஆள் சேர்ப்பவர்களும் அனுப்புவார்கள். பிறந்த குட்டி ஒன்றுகூடச் சாகாது என்று வைத்துக்கொண்டு போட்ட பெருக்கல் அது. நிஜமாக இருந்தால் இந்நேரம் நமக்குக் கால் வைக்க இடம் இருக்காது. தெருவில் நாய்களின் எண்ணிக்கை வருடா வருடம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நிற்கிறது. அப்படி நிற்பதற்காக எத்தனை பிறந்து எத்தனை சாகின்றன என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை.

பெண் நாய் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் இரண்டு மாதம், கணக்காகச் சொன்னால் 63 நாள். நன்றாகச் சாப்பிடும் நாய் நன்றாகவே ஈனும். ஆக, நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சாகப்போகும் குட்டிகளைப் பெற்றெடுக்க அவளுக்குத் தெம்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

அப்படியென்றால் தீனி போடாதே என்று அர்த்தமா? சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். போடுவதை நிறுத்தினால் நாய் மாயமாகிவிடாது. குப்பையைக் கிளறும், பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சண்டை போடும், ஆளைக் கண்டால் ஓடும். பிறகு அதை யாராலும் பிடிக்க முடியாது. வலை வீசுகிறவர் எனக்குச் சொன்ன முதல் பாடமே இதுதான்: "தீனி போடுற ஆள் இருக்கிற தெருவுல காலையில எட்டு நாய் பிடிச்சுடுவேன். ஆள் இல்லாத தெருவுல நாள் முழுக்க ஓடினாலும் ரெண்டு." தீனி போடுகிறவனின் கையில்தான் சாவி இருக்கிறது. அந்தச் சாவியை மூன்று வருடம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நான் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன்.

என்னை உலுக்கியது ஆய்வுக் கட்டுரை இல்லை. மூன்றாம் வீட்டுப் பெரியவர். நான்காவது ஈற்றுக் குட்டிகள் அவர் வீட்டுப் படியின் அடியில் இருந்தன. விடியற்காலை செருப்பைத் தேடிக் காலை நீட்டினார், செவலை கெண்டைக்காலைக் கவ்விவிட்டாள். நான் ஓடிப் போய் முதலில் சொன்ன வாக்கியம், "ஐயா, அவ கடிக்கிற நாய் இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடிச்ச இடம் என் கால்ல இருக்கு தம்பி, உங்க வாயில இல்ல."

நாய்களை நேசிக்கிற நாங்கள் எல்லோரும் செய்கிற தவறு இது. கடிபட்டவரிடம் நாயின் குணநலன்களை எடுத்துச் சொல்வோம். குட்டி போட்ட தாய் கடிப்பது இயல்புதான். ஆனால் அந்த இயல்பு அவர் காலுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அதுவும் அந்தக் கடியின் பின்னால் நிற்பது சாதாரண நோய் இல்லை.

வெறிநோயைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். நாய் கடித்ததும் வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. காயத்துக்குப் பக்கத்திலிருக்கும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. இரண்டு மூன்று மாதம் ஆகலாம், ஒரே வாரத்திலும் வரலாம், வருடமும் ஆகலாம். காலில் பட்ட கடியைவிட முகத்தில், தலையில் பட்டது ஆபத்து என்பது அதனால்தான், பயண தூரம் குறைவு. அந்தப் பயணம் முடிவதற்குள் தடுப்பூசி வேலை செய்துவிட வேண்டும். மூளைக்குப் போய், தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் மருத்துவத்தால் ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் இப்படிச் சாகிறார்கள். மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் வரை நாய் வழியாக. செத்தவர்களில் பத்தில் நாலு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். தடுப்பூசியின் முதல் வெற்றியும் ஒரு பிள்ளையிடம்தான்: 1885 ஜூலை 6 அன்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஊசி போட ஏற்பாடு செய்த ஜோசப் மீஸ்டருக்கு ஒன்பது வயது. நூற்று நாற்பது வருடமாகத் தடுக்கத் தெரிந்த நோயால் இன்னும் பிள்ளைகள் சாகிறார்கள்.

கடிபட்டால் முதல் வேலை குழாயடி. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்று தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் காயத்தில் வைக்கக் கூடாது. அப்புறம் நேராக மருத்துவமனை. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, வைரஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். பெரியவருக்கு இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. குழாயடியில் அவர் காலைப் பிடித்துக் கழுவியது நான். பதினைந்து நிமிடமும் அவர் பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டீங்களா?"

பழைய வழி ஒன்று இருந்தது. பிடித்துக் கொல்வது. 1910ல் இஸ்தான்புல்லில் ஆயிரமாயிரமாக நாய்களைப் பிடித்து, தண்ணீரும் நிழலும் இல்லாத ஒரு சின்னத் தீவில் கொண்டு போய் விட்டார்கள். அவற்றின் ஊளை கடல் தாண்டி நகரத்துக்குக் கேட்டதாம். நூறு வருடம் கழித்தும் இஸ்தான்புல் தெருக்களில் நாய்கள் இருந்தன. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997ல் படகில் வந்த நாய்களோடு வெறிநோயும் வந்து இறங்கியது. நாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள், நோய் போகவில்லை. 2008ல் பாலித் தீவுக்கு வந்தது. அங்கும் முதலில் கொலைதான், ஊசி போட்ட நாய்கள்கூடத் தப்பவில்லை. 2010ல் தீவு முழுக்க நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகுதான் மனிதச் சாவுகள் மளமளவென்று குறைந்தன.

இரக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் கொல்வது வேலைக்கு ஆவதில்லை. சுலபமாகப் பிடிபடுவது மனிதரை நம்புகிற நாய், அதாவது ஊசி போட்டிருக்க வாய்ப்புள்ள நாய். அது போனதும் மிஞ்சுவது ஆளைக் கண்டு மிரளும், ஊசி காணாத நாய்கள். காலியான இடத்தில் சாப்பாடு அப்படியே இருக்கிறது, அதனால் மிஞ்சியவற்றின் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. வளர்ப்பவர்களோ நாயை ஒளித்து வைக்கிறார்கள், வேறு ஊருக்குக் கொண்டு போகிறார்கள், செத்ததற்குப் பதிலாகப் புதுக் குட்டி வாங்குகிறார்கள். நோய் வண்டி ஏறிப் பயணம் போகிறது.

இதை நம் பக்கத்தில் ஒரு சிலர் எப்போதோ சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சென்னையில் 1959ல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யலாம் என்று 1964லேயே யோசனை வைத்தது. மாநகராட்சி சரி என்று சொல்ல 1996 ஆகிவிட்டது. முப்பத்திரண்டு வருடம். அதன் பிறகுதான் 2001ல் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன: பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது, நல்ல மனசு உள்ளவர்கள் தோற்பது அந்தக் கணக்கில்தான். என்னைப் போன்றவர்கள் ஆளுக்கு ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய் அறுவை செய்து வந்து போட்டோ போடுகிறோம். அந்த நாய்க்கு நல்லது, சந்தேகமே இல்லை. தெருவுக்கு? ஆறு பெண் நாய்களில் இரண்டுக்கு மட்டும் செய்தால் மற்ற நாலும் அடுத்த பருவத்தில் அந்த இடத்தை நிரப்பிவிடும். போதாததற்கு, போட்டி குறைந்ததால் அவற்றின் குட்டிகள் கொழுகொழுவென்று வளரும். ஊர் முழுக்கப் பத்து சதவீதம் செய்வதைவிட ஒரு வட்டாரத்தை எடுத்துப் பத்தில் ஏழு என்று முடித்துவிட்டு அடுத்த வட்டாரத்துக்கு நகர்வதுதான் பலன் தரும். தடுப்பூசிக்கும் அதே எண்தான். நூறில் எழுபது நாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால், வெறிபிடித்த ஒரு நாய் கடிக்கப் போகும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் தொற்றாது, சங்கிலி அறுந்துவிடும்.

இதைச் செய்து காட்டிய ஊர் ஜெய்ப்பூர். ஹெல்ப் இன் சஃபரிங் என்ற அமைப்பு 1994 நவம்பரிலிருந்து 2002 டிசம்பர் வரை 24,986 நாய்களைப் பிடித்தது. வேலை நடந்த பகுதியில் பெண் நாய்களில் 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் ஊசியும் முடிந்தன. நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. மனிதருக்கு வெறிநோய் அந்தப் பகுதியில் பூஜ்யத்துக்கு வந்தது, அதே நகரத்தின் மற்ற பகுதிகளில் தொடர்ந்துகொண்டிருந்தது. எட்டு வருடத்தில் 28 சதவீதம்தானா என்று நாய்களை வெறுப்பவர்கள் கேட்பார்கள். ஆமாம், மெதுவாகத்தான் குறையும். ஏற்கெனவே பிறந்த நாய் தன் ஆயுளை வாழ்ந்துவிட்டுத்தானே போகும்! பூட்டான் 1,50,000க்கும் மேற்பட்ட நாய்களுக்குச் செய்து முடித்து, சுற்றித் திரியும் நாய்கள் அனைத்துக்கும் கருத்தடை ஆயிற்று என்று 2023 அக்டோபரில் அறிவித்தது. சின்ன நாடுதான். ஆனால் ஒரு தெரு அதைவிடச் சின்னது.

நான் ஒரு நோட்டு வாங்கினேன். விடியற்காலையில் நாய்கள் தத்தம் இடத்தில் படுத்திருக்கும்போது எண்ண வேண்டும், மூன்று நாள் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எட்டு ஒன்பது இருக்கும் என்று நினைத்திருந்த என் தெருவில் 14 இருந்தன. பெண் ஆறு. ஒன்றுக்கும் காதில் வெட்டு இல்லை. அறுவை முடிந்த நாய்க்கு மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் ஒரு சின்ன வெட்டு வைப்பார்கள். அழகைக் கெடுக்கிறார்களே என்று ஒரு காலத்தில் கோபப்பட்டிருக்கிறேன். ஏற்கெனவே அறுத்த நாயைப் பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்காமல் இருக்கத்தான் அது, தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் அல்லவா.

செவலைதான் முதல். குட்டிகள் பால் மறந்ததும் நாள் குறித்தோம். முந்தின ராத்திரி நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். நாளைக்கு வலியில் கிடப்பாளே, இன்றைக்காவது வயிறாரச் சாப்பிடட்டும் என்று இரண்டு பங்கு வைத்தேன். மறுநாள் மேஜையில் ஏற்றுவதற்கு முன்னாலேயே வாந்தி எடுத்தாள். மருத்துவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "மயக்கத்துல இதே வாந்தி மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா? பாசம்னு சொல்லிக் கொன்னுடுவீங்க போல." ராத்திரி முதல் பட்டினி போட வேண்டும் என்று காகிதத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள். படித்தும் இருந்தேன்.

மறுநாள் அறுவை நடந்தது. கருப்பையும் சூலகங்களும் எடுத்தார்கள். விலாப்பக்கம் தையல். வெறிநோய்த் தடுப்பூசி. கூடவே இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள், பிறப்புறுப்பில் ஒரு கட்டி. நாய்களுக்குள் இணைசேரும்போது தொற்றும் புற்று இது. வைரஸ் இல்லை, புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பல ஆயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்கள், அந்த நாய் மண்ணாகியும் இன்று வரை சாகாமல் உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. மருத்துவர் இதைச் சொன்னபோது செவலையின் கட்டியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். வின்கிறிஸ்டின் என்ற மருந்து, வாரம் ஒருமுறை, பெரும்பாலும் முழுதாகக் குணமாகும் என்றார்கள். பிற்பாடு, நாலு ஊசியில் கரைந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். திரும்ப விட வந்த வண்டிக்காரர் இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. "ரெண்டு தெருதானே, அதுவே வந்துடும்." நாய்க்கு இரண்டு தெரு என்பது நமக்குக் கடவுச்சீட்டு இல்லாமல் எல்லை தாண்டுவது போல. தையல் போட்ட உடம்போடு, நடுவில் இருக்கும் கூட்டத்தைத் தாண்டி அவள் எப்படி வருவாள்? பிடித்த இடத்திலேயே விடு என்ற விதி ஏட்டுச்சுரைக்காய் இல்லை என்று அந்த இரண்டு ராத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். டார்ச் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். இரண்டாம் ராத்திரி, நின்றிருந்த ஒரு லாரிக்கு அடியில் இரண்டு கண் மின்னியது. கூப்பிட்டால் வரவில்லை. ஏன் வருவாள்? தீனித் தட்டைப் பத்தடிக்குப் பத்தடி நகர்த்தி வைத்து வைத்து, விடியும் நேரத்தில்தான் வீட்டுப் பக்கம் கொண்டு வந்து சேர்த்தேன்.

அதற்குப் பிறகும் அவள் என் கைக்கு வரவில்லை. தட்டை வைத்துவிட்டு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சாப்பிடுவாள். கதவு திறந்திருந்தால் தட்டைத் தொட மாட்டாள். பிடித்த நாளிலிருந்து பதினோராம் நாள் நான் படியில் உட்கார்ந்திருக்கும்போதே வந்து சாப்பிட்டாள். வாலை ஆட்டவில்லை. ஆனால் போகும்போது முழங்காலை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மீதி ஐந்து பெண் நாய்களையும் நாலு ஆண் நாய்களையும் முடிக்க மூன்று மாதம் ஆனது. 14ல் 10. ஆண் நாய்க்குச் செய்தால் சண்டை கொஞ்சம் குறையும், ஆனால் ஒன்றை விட்டாலும் வெளியிலிருந்து இன்னொன்று வந்துவிடும், எண்ணிக்கையைக் குறைப்பது பெண் நாய்தான். ஊசி மட்டும் பதினாலுக்கும் போட்டோம், வருடம் ஒருமுறை போட வேண்டும். தட்டு வைக்கும் இடத்தைப் பெரியவரின் வாசலிலிருந்து தெருமுனைக்கு மாற்றினேன், நேரத்தையும் ஒழுங்காக வைத்தேன். பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரத்தில் வைப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி எடுத்துவிடுவேன். இதில் பெரிய கருணை ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் மரியாதை.

குப்பைத் தொட்டியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் ஒரே வரி: மூடி போட்ட தொட்டி இருக்கிற தெருவில் நாய் குறைவு. வளர்த்த நாயை அலுத்துப்போய்த் தெருவில் விடுகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் மரியாதையாக எழுத மாட்டேன்.

அறுவை எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. படியடியில் குட்டிகள் இல்லை. செவலை கொஞ்சம் குண்டாகிவிட்டாள், வெட்டுப்பட்ட காதை மட்டும் யாரையும் தொட விடுவதில்லை. பெரியவர் இன்னமும் கையில் குச்சியோடுதான் நடக்கிறார், நாய்களை அவருக்குப் பிடிக்காது, பிடிக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்ப்பதில்லை.

போன வாரம் விடியற்காலை ஐந்தரைக்கு அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பதறிப்போய் எடுத்தேன்.

"தம்பி, முனையில கறுப்பா ஒண்ணு புதுசா வந்து படுத்திருக்கு. பொட்டை. காதுல வெட்டு இல்ல. உங்க நோட்டுல இருக்கா, பாருங்க."